மார்ஜினில் பதினோரு கோடு

போன வாரம் நான் கடைக்கு வந்தப்ப, என்கிட்ட டைப் அடிக்கற நீங்க ரெண்டு பேரும் போட்ட சண்டை வாசல் வரைக்கும் கேட்டிச்சி. யாரோ ஒரு சங்கத்துத் தலைவர் பேசின கேசட்டைக் கேட்டு, அவங்க ஆண்டு மலருக்கு டைப் அடிக்கணும். அந்த மனுஷன் வாயத் தொறந்தா 'ஆக்சுவலா' இல்லாம ஒரு வரி வரல. "அதெல்லாம் எடுத்துடு, பேப்பரே அழுக்காவுது"ன்னு ஒருத்தர். "பேசினதை அப்படியே அடின்னுதான குடுத்திருக்காங்க"ன்னு இன்னொருத்தர். என்னைப் பாத்ததும், "மேடம், நீங்களே சொல்லுங்க"ன்னீங்க. டீ ஆறிடும்னு சாக்கு சொல்லிட்டு நழுவிட்டேன்.

டீ ஆறல. பதில் சொன்னா என் மானம் போவும், அதான். சரி, போனா போவுது, அது ஏற்கெனவே ஒரு தபா போனதுதான். வாயால சொன்னா சிரிச்சே கொன்னுடுவீங்க. அதனால எழுதிக் குடுக்கறேன், நான் இல்லாதப்ப படிச்சிட்டு சிரிச்சுக்கோங்க.

மாவட்டம் பிரிச்ச வருஷம் தேரடி வீதியில இந்தக் கடையைப் போட்டேன். தமிழ் டைப் மிஷின் ஒண்ணு, இங்கிலீஷ் மிஷின் ஒண்ணு, ஆடற ஸ்டூல் ஒண்ணு. ஊருக்குப் புதுசு புதுசா ஆபீஸ் வந்துச்சா, மனு அடிக்க வர்றவங்க வரிசையில நிப்பாங்க. அதுக்கு மேல எனக்கு தமிழ் சுருக்கெழுத்து வேற தெரியும். கையில பென்சில் புடிச்சா காத்து மாதிரி போவும்னு என்னைப் பத்தி ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கெளப்பிவிட்டதும் நான்தான்.

சுருக்கெழுத்து தெரிஞ்சதால வக்கீலுங்க என்னை உள்விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. ஒரு கம்பெனியில வேலை செய்யறவர் மேல புகார் வந்தா, வெளியில இருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியா உக்கார வெப்பாங்க. அவர் கேப்பாரு, சாட்சி சொல்லுவாங்க, நான் குறிப்பு எடுத்து டைப் அடிச்சி, சாட்சிக்குப் படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கணும். அந்தப் பேப்பரை வெச்சுதான் ஒருத்தரை வேலையில வெக்கறதும் தூக்கறதும்.

இதுல எனக்கு ஒரு பட்டப்பேரு: இஸ்திரி. ஜனங்க பேச்சை சுருட்டி, கசக்கிக் கொண்டாந்து போடுவாங்க. நான் மடிப்பு கலையாம எடுத்துக் குடுப்பேன். "அது வந்து சார், நான் வந்து, இன்னா சொல்றது, அந்த வழியா வந்து வந்துகினு இருந்தேனா"ன்னு ஒரு ஆள் மூச்சு வாங்குவாரு. நான் "அவ்வழியே வந்துகொண்டிருந்தேன்"னு மூணு விரல் அகலத்துல அடிச்சி முடிச்சிடுவேன். எனக்கே என் மேல ஆசையா இருக்கும், போங்க.

அந்த வேலையில ஒரு சந்தோஷம் என்னன்னா, ஜனங்க சொல்லுக்கு நடுவுல சொருகற சொல்லுங்களைக் கேக்கறது. கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆளுங்க 'இன்னா சொல்றது'ன்னு நிறுத்தி மூச்சு விடுவாங்க. பொம்பளைங்க 'அதான்' போட்டு இழுப்பாங்க. கொஞ்சம் படிச்சவங்க 'அதாவது'. கோயமுத்தூர்ல இருந்து மெஷின் விக்க வந்தவர் ஒருத்தர் வரிக்கு ஒரு 'ஏனுங்' வெச்சாரு. ஊட்டுக்கு ஊடு கேபிள் வந்ததுக்கு அப்புறம் திடீர்னு எல்லாரும் 'பாத்தீங்கன்னா'க்கு மாறிட்டாங்க. பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத விஷயத்துக்கும் பாத்தீங்கன்னாதான். இப்ப உங்க காலத்துக்கு ஆக்சுவலா. நாளைக்கு எது வருமோ, அண்ணாமலையாருக்குத்தான் வெளிச்சம்.

எதிர்க் கடை ஹமீது பாய் எனக்குப் போட்டி டைப்பிஸ்ட். அவங்க பாட்டனார் காலத்துல இருந்து இந்த ஊருதான். அவருக்கும் சுருக்கெழுத்து தெரியும், அவரையும் விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு. சாட்சி ஒவ்வொரு தபா 'வந்து'ன்னோ 'இன்னா சொல்றது'ன்னோ சொல்றப்ப, அந்த வரிக்கு நேரா நோட்டு மார்ஜின்ல பென்சிலால ஒரு கோடு போடணும். சாயங்காலம் எண்ணிப் பாப்போம். யாரோட சாட்சிக்கு கம்மியோ அவங்க டீ வாங்கித் தரணும். படிச்ச பொம்பளை பண்ற வேலையா இது? பண்ணேன்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். விசாரணை அதிகாரியா வர்ற வக்கீல் ஐயா ஒருத்தர் 'தட் இஸ்' இல்லாம பேசமாட்டாரு. அவருக்கு மட்டும் நான் கோடு போட்டதே இல்ல. ஐயா யோசிக்கறாருன்னு மரியாதையா காத்திருப்பேன். அதே இடத்துல டீக்கடைக்காரம்மா நிறுத்தினா, உளறுதுன்னு நெனப்பேன். இது எனக்கு அப்ப உறைக்கவே இல்ல.

தொண்ணூறுகளோட ஆரம்பம்னு வெச்சுக்கோங்க. நாலு பஸ் வெச்சிருந்த ஒரு முதலாளி. அவர்கிட்ட டவுன் பஸ் ஓட்டினவர் முனிரத்தினம். அடி அண்ணாமலை கிட்ட ஒரு ஆடு குறுக்க வர, பஸ்ஸை ஒடிச்சித் திருப்பி, ஓரமா இருந்த டீக்கடை பந்தக்காலை இடிச்சிட்டாரு. பட்டப்பகல். யாருக்கும் அடி இல்ல. முதலாளி அன்னிக்கே பந்தலை சரி பண்ணிக் குடுத்துட்டதால போலீசும் இல்ல, டாக்டரும் இல்ல. ஆனா டிரைவர் எறங்கறப்ப தள்ளாடினாருன்னு யாரோ ஊதிவிட்டாங்க. குடிச்சிட்டு ஓட்டினாருன்னு குற்றச்சாட்டு குடுத்து, பஸ் ஷெட்லயே விசாரணை வெச்சாங்க. அதிகாரி அந்த தட் இஸ் ஐயா. குறிப்பு எடுக்க நான்.

முக்கிய சாட்சி டீக்கடைக்காரம்மா சம்பூர்ணம். வந்து உக்காந்ததுல இருந்து அவங்க முந்தானை நுனியை முறுக்கினபடியே இருந்தாங்க. ஆடு வந்தது, பந்தல் சாஞ்சது எல்லாம் கோர்வையாத்தான் சொன்னாங்க. அப்புறம் ஐயா கேட்டாரு, "டிரைவர் குடிச்சிருந்தாரா?" அங்கதான் அந்தம்மா இழுக்க ஆரம்பிச்சாங்க. மணி ஒண்ணரை. பக்கத்து ரூம்ல இருந்து பிரியாணி வாசனை. ஐயா ஜன்னல் பக்கம் பாத்துகினு இருந்தாரு. நான் கோடு மேல கோடு போட்டுகினு, 'இன்னிக்கி டீ பாய் செலவுதான்'னு உள்ளுக்குள்ள குஷியா இருந்தேன். கடைசியில அந்தம்மா தலையை எப்படியோ ஒரு மாதிரி ஆட்டினாங்க. நான் அடிச்ச பதில் இது: "ஆம். குடித்தவர் போலத் தள்ளாடினார்."

படிச்சுக் காட்டினேன். சம்பூர்ணம் கைநாட்டு வெச்சாங்க. முனிரத்தினம் அன்னிக்கு நெறைய பேசினாரு. அதையும் இஸ்திரி போட்டு ஒரே வரியில முடிச்சேன்: "குற்றச்சாட்டை மறுக்கிறேன்." பதினஞ்சு நாள்ல அவரை வேலையில இருந்து தூக்கிட்டாங்க. பிரியாணி நல்லா இருந்திச்சி.

மூணு மாசம் போச்சு. அடி அண்ணாமலையில சொந்தக்காரங்க ஊட்டு காதுகுத்துக்குப் போயிட்டு, பஸ்ஸுக்கு நிக்கறப்ப சம்பூர்ணம் கடையில டீ குடிச்சேன். அந்தம்மா என்னை அடையாளம் கண்டுகினாங்க.

"நீதான கண்ணு அன்னிக்கி எழுதின பொண்ணு? ஆமா, அந்த டிரைவரு எப்ப வருவாரு? வேற எவனோ ஓட்டறான், நிறுத்தறதே இல்ல."

"அவரைத்தான் வேலைய விட்டு தூக்கிட்டாங்களேம்மா. குடிச்சிட்டு ஓட்டினதுக்கு."

"அடப்பாவிங்களா! அவரு குடிச்சாருன்னு யாரு சொன்னா?"

டீ கிளாசைக் கீழ வெச்சேன். "நீங்கதாம்மா சொன்னீங்க."

"நானா? நான் எங்க கண்ணு சொன்னேன்? அவரு வந்து, எறங்கினாரா, காலு வந்து ஒரு மாதிரி இழுத்துகினு… குடிச்சவங்க நடப்பாங்களே, பாக்க அது மாதிரி… ஆனா வந்து, இன்னா சொல்றது, அப்டியும் சொல்றதுக்கு இல்ல. முட்டியில இடிச்சிருந்திச்சே. நான்தான தண்ணி குடுத்து உக்கார வெச்சேன்? வாசனை கீசனை ஒண்ணும் இல்ல. அதைத்தான் அன்னிக்கும் சொல்லினு இருந்தேன்."

"படிச்சுக் காட்டினப்ப ஏம்மா நீங்க இல்லன்னு சொல்லல?"

அந்தம்மா என்னைப் பாவமா பாத்தாங்க. "எழுத்துன்னா அப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன் கண்ணு. நாங்க பேசறது மாதிரியா எழுதுவாங்க? படிச்ச பொண்ணு எழுதினா சரியாத்தான் இருக்கும்னு வெரலை வெச்சேன்."

பஸ் வந்திச்சி, ஏறினேன், எறங்கினேன். ஒண்ணும் ஞாபகம் இல்ல. கடைக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஆடு வந்த வரிக்கு நேரா மார்ஜின்ல ஒரு கோடு. பந்தல் சாஞ்சதுக்கு ரெண்டு. 'குடிச்சிருந்தாரா' கேள்விக்கு நேரா பதினோரு கோடு. அந்தம்மா பதினோரு தபா நின்னு நின்னு யோசிச்சி, ஒரு மனுஷன் மேல பழி போட்டுடக் கூடாதேன்னு தடவித் தடவி வந்திருக்காங்க. நான் பதினோரு தபா டீக்குக் கணக்கு வெச்சிருக்கேன். வெக்கமா இருந்திச்சி. இப்ப எழுதறப்பவும் இருக்கு.

உடனே ஓடிப்போய் சொன்னேன்னு எழுத ஆசைதான். எட்டு நாள் கம்முனு இருந்தேன். ஐயா குடுக்கற வேலைதான் என் கடைக்குப் பாதி சோறு. அவர்கிட்ட போய், நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒருத்தர் பொழப்பைக் கெடுத்துட்டோம்னு எப்படிச் சொல்றது? அவருக்கும் காது இருந்திச்சே, அவர் கேக்கலியான்னு ஒரு நாள். அந்தம்மா இப்ப மாத்திப் பேசறாங்கன்னு ஒரு நாள். சாக்கு தேடறதுல எனக்கு அன்னிக்கும் பஞ்சம் இல்ல, போன வாரம் டீயைச் சொன்னேனே, அது மாதிரிதான்.

ஒம்பதாம் நாள் எதிர்க் கடையில முனிரத்தினம் நின்னுகினு இருந்தாரு. என் கடை நெழல்ல இருந்திச்சி, காலியாவும் இருந்திச்சி. அவர் வெயில்ல நின்னு பாய் கடையில வேலைக்கு விண்ணப்பம் அடிச்சிட்டுப் போனாரு. அப்புறம் பாய் வந்து சொன்னாரு, "மூணு முதலாளிகிட்ட போயிட்டாராம் தங்கச்சி. குடிகாரன்னு பேப்பர்ல இருக்குதே, எப்படி வண்டி குடுக்கறதுன்னு கேக்கறாங்களாம். அந்த ஆளு வெத்தலை கூட போடமாட்டாரும்மா."

நோட்டை எடுத்துகினு நேரா ஐயா ஊட்டுக்குப் போனேன்.

ஐயா மார்ஜினைப் பாத்தாரு. "இது இன்னா கோடு?" விளையாட்டைச் சொன்னேன். டீயைக்கூட விடல. "அறிவு இருக்குதா உங்களுக்கு? இந்தக் கோட்டை வெச்சுகினு நான் இன்னா பண்றது? தட் இஸ்… கையெழுத்து போட்டவன் நான். தட் இஸ்… என் பேரு இன்னா ஆவறது?" மனசு கேக்காம எண்ணினேன், மொத்தம் ஆறு தட் இஸ். அவரும் பயந்துதான் இருந்தாரு. அப்புறம் நோட்டை மூடி வெச்சிட்டு சொன்னாரு, "மறுபடி விசாரிக்கணும்னு நானே முதலாளிக்கு எழுதறேன். ஆனா நீங்க சாட்சியா உக்காரணும். எல்லார் முன்னாடியும் சொல்லணும். முடியுமா?" முடியும்னு சொல்லிட்டேன்.

அதே ஷெட். முதலாளி ஒரு பக்கம், முனிரத்தினம் பெஞ்சுல. சாட்சியா உக்கார்றவ குறிப்பு எடுக்க முடியாதே, அதனால டைப் அடிக்க ஹமீது பாய். ஐயா அவருக்கு ஒரே உத்தரவுதான் போட்டாரு: காதுல விழறது அத்தனையும் பேப்பர்ல வரணும். போட்டிக் கடைக்காரருக்கு இதை விட பெரிய நாள் ஏது? மிஷினைத் துடைச்சி எண்ணெய் போட்டுக் கொண்டாந்திருந்தாரு மனுஷன்.

சம்பூர்ணம் நல்ல புடவை கட்டிகினு வந்து, டீக்கடையில என்கிட்ட சொன்னதை அதே நிறுத்தலோட சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் நான். ஊரு பேச்சுல கோடு போட்டவ அன்னிக்கு சாட்சி நாற்காலியில. ஐயா கேட்டாரு, "முதல் விசாரணையில, டிரைவர் குடிச்சிருந்தாருன்னு சாட்சி சொன்னாங்களா?"

"அது வந்து சார்… அதாவது… அந்தம்மா வந்து… இன்னா சொல்றதுன்னா…"

டக் டக்குனு பாய் மிஷின் ஓடுது. என் ஒவ்வொரு 'வந்து'வும் பேப்பர்ல ஏறுது. எல்லாருக்கும் நான் வெச்ச கண்ணாடியில என் மூஞ்சியே தெரியுது. ஆனா அங்க உக்காந்தப்பதான் ஒண்ணு புரிஞ்சிச்சி. நான் உளறல. உண்மைகிட்ட போவப் பயந்து, ஒரு ஒரு அடியா வெச்சுகினு இருந்தேன். அவசரப்படாம யாராவது எனக்காகக் காத்திருந்தா போதும்னு இருந்திச்சி. ஐயா அன்னிக்குக் காத்திருந்தாரு. ஜன்னல் பக்கம் பாக்கல. முனிரத்தினம் என்னையே பாத்துகினு இருந்தாரு.

"இல்ல சார். அவங்க சொல்லல. நான் சொன்னேன்."

மிஷின் நின்னுச்சி.

பேப்பரை என்கிட்ட நீட்டறப்ப பாய் காதோரமா கேட்டாரு, "தங்கச்சி, இஸ்திரி போட்டுடவா?" வேணாம் பாய்னு சொல்லி கையெழுத்து போட்டேன். மூணு பக்கம். வெளியில வந்து எண்ணினோம், இருபத்தி ஆறு. சம்பூர்ணத்தை விட ஜாஸ்தி. கணக்குப்படி டீ என் செலவு, ஆனா அவர்தான் வாங்கித் தந்தாரு, நான் குடிக்கல.

முனிரத்தினத்துக்கு வேலை திரும்பக் கெடைச்சிது. அந்த நாலு மாசத்துல ஒரு கார்த்திகை தீபம் வந்துட்டுப் போயிருந்திச்சி. ஊரு பஸ்ஸெல்லாம் ஓடற அந்தப் பத்து நாளும் அவர் ஊட்டுல உக்காந்திருக்காரு. அதை யாரு திருப்பித் தர முடியும்?

ஐயா அப்புறமும் எனக்கு வேலை குடுத்தாரு. பென்சில் கோடும் நிக்கல. ஆனா டீ பந்தயம் போச்சு. ஒரு வரிக்கு நேரா கோடு ஜாஸ்தியாச்சின்னா பென்சிலைக் கீழ வெச்சிட்டு, "ஐயா, இதை இன்னொரு தபா கேட்டுடுங்க"ன்னு சொல்லிடுவேன். நான் கண்டுபுடிச்ச ஒரே தொழில் ரகசியம் அதான். உங்க சங்கத்துத் தலைவர் ஆக்சுவலாவை தாராளமா வெட்டுங்க, அவர் மலருக்கு அது அழகு. ஆனா எந்தப் பேப்பரை வெச்சு ஒருத்தர் சோறு தீர்மானம் ஆவுதோ, அதுல கை வெக்காதீங்க. எது எந்தப் பேப்பர்னு தெரியலன்னா என்னைக் கேளுங்க, இந்தத் தபா நழுவமாட்டேன்.

வேலையில சேந்த மறுவாரம் முனிரத்தினம் என் கடைக்கே வந்தாரு. தேங்க்ஸ் சொல்லப் போறாருன்னு ஒரு அல்ப ஆசை எனக்கு. காக்கிச் சட்டையோட வாசல்ல நின்னாரு.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி, முதல்ல விசாரிச்சாங்களே, அப்ப நான் அரை மணி நேரம் பேசினேன். பேப்பர்ல ஒரு வரிதான் இருந்திச்சி. மீதியெல்லாம் எங்க போச்சு?"

உக்காருங்கன்னு அந்த ஆடற ஸ்டூலைத் தள்ளினேன். மிஷின்ல புதுப் பேப்பர் சொருகினேன். "இப்ப சொல்லுங்க. அப்படியே அடிக்கறேன்."

சொன்னாரு. ஆடு எப்படிக் குறுக்க வந்திச்சின்னு, முட்டி எங்க இடிச்சிதுன்னு, பின்னாடி சீட்டுல ஒரு புள்ளத்தாச்சி உக்காந்திருந்ததைக் கண்ணாடியில பாத்துட்டுத்தான், சடன் பிரேக் போடாம பந்தல் பக்கம் ஒடிச்சேன்னு. இந்த விஷயத்தை நான் அப்பதான் கேள்விப்படறேன்; அன்னிக்கும் சொல்லியிருக்காரு, நான்தான் கேக்கல. அத்தனை 'வந்து'வோடயும் 'இன்னா சொல்றது'வோடயும் அஞ்சு பக்கம் வந்திச்சி. எந்த ஆபீசுக்கும் அது தேவையில்ல, எந்த முதலாளியும் கேக்கப் போறதில்ல.

அவர் ஒவ்வொரு பக்கமா வெரல் வெச்சுப் படிச்சாரு. கடைசிப் பக்கம் முடிச்சிட்டு, சட்டைப் பாக்கெட்டுல இருந்து பேனாவை எடுத்தாரு.

"வந்து… மேடம்… இதுல நான் எங்க கையெழுத்து போடணும்?"

"எங்க வேணா போடுங்க"ன்னேன்.

அஞ்சு பக்கத்துலயும் போட்டாரு.